வெளியேற்றக் கட்டளையும் நீதிமன்ற மீளாய்வும்

ஒரு குடும்பத்துக்கு வீடு என்பது சுவரும் கூரையும் மட்டுமன்று. பிள்ளைகள் படிக்கும் பாடசாலை, பெரியவர்கள் தொழில் செய்யும் துறை, மாதக் கணக்கில் அரிசி தரும் கடை, அவசரத்துக்கு உதவும் அயலவர் ஆகிய யாவும் அவ்வீட்டைச் சுற்றியே அமைகின்றன. ஆதலால் 'இவ்விடத்தை விட்டு வெளியேறுக' என இடப்படும் கட்டளை, 'இத்தொகையைச் செலுத்துக' என இடப்படும் கட்டளையினும் கனமானது. பிழையாகச் செலுத்தப்பட்ட பணத்தைத் திரும்பப் பெறலாம். பிழையாக வெளியேற்றப்பட்ட குடும்பத்தை ஈராண்டு கழித்து அதே வீட்டில் குடியேற்றினாலும், இடையில் தடைப்பட்ட படிப்பையும் கைவிட்டுப் போன தொழிலையும் எவரும் மீட்டுத் தர இயலாது. இக்காரணம் பற்றியே, வெளியேற்றக் கட்டளை ஒன்று பிறந்த பின்னர் அதனை மறுபடியும் ஆராய்பவர் யார், எவ்வளவு தூரம் ஆராய்வர், எப்போது ஆராய்வர் என்னும் வினாக்கள் முக்கியம் பெறுகின்றன.

புத்தளம் மாவட்டத்தின் கரையோரம் இவ்வினாக்களை எண்ணிப் பார்ப்பதற்கு ஏற்றதோர் இடம். தெற்கே வென்னப்புவ, மாரவில தொடங்கிச் சிலாபம், உடப்பு, முந்தல், புத்தளம் எனச் சென்று கற்பிட்டி முனை வரை நீளும் இந்நிலப்பரப்பில் மனிதர் பிறர் நிலத்தில் வாழும் முறைகள் பலவாகும். சிலாபத்திலும் புத்தளத்திலும் கடைத்தெருக்களில் வாடகைக்குக் கடை நடத்துவோர் உளர். நகர ஒழுங்கைகளில் மாத வாடகைக்கு வீடெடுத்து வாழ்வோர் உளர். தென்னந்தோட்டத்தின் ஒரு மூலையில், சொந்தக்காரரின் வாய்மொழி அனுமதியை மட்டுமே நம்பிக் குடிசை கட்டியோர் உளர். கடற்கரையில் கரைவலைப் பாட்டுக்கு அருகே வாடி அமைத்து, அந்நிலம் அரச காணியா தனியார் காணியா என்பதை அறியாமலே தலைமுறைகளைக் கழித்தோரும் உளர். வெளியேறுமாறு கட்டளை வரும்போது இந்நால்வகையினரும் ஒரே துயரத்தையே அடைகின்றனர். ஆயினும் சட்டம் அவர்களுக்குத் திறந்து வைத்திருக்கும் வாயில்கள் ஒன்றல்ல.

இலங்கையில் வீட்டுச் சொந்தக்காரருக்கும் வாடகைக்கு இருப்பவருக்கும் இடையிலான உறவின் அடிப்படை உரோமன் டச்சுச் சட்டமாகும். கற்பிட்டியில் இன்றும் நிற்கும் கோட்டையைக் கட்டிய ஒல்லாந்தர் கப்பலேறிப் போயினர்; அவர்களுடைய சட்டம் போகவில்லை. விற்பனைக்கு முன்னே வாடகை நிற்கும் என்பது அச்சட்டத்தின் பழைய விதிகளுள் ஒன்று. வீட்டை ஒருவர் மற்றொருவருக்கு விற்றாலும், ஏற்கெனவே அமைந்த வாடகை உரிமை விற்பனையால் அழிந்துவிடாது. வாங்கியவர் அவ்வுரிமையோடு சேர்த்தே வீட்டைப் பெறுகின்றார். ஆனால் மாத வாடகை என்பது ஒரு மாத முன்னறிவித்தலுடன் முடிக்கத்தக்கது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். நொத்தாரிசிடம் செல்லும் வழக்கம் எளியவர்களிடம் அரிது. ஆகவே, இருபது ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்தவரும் சட்டத்தின் கண்ணில் மாதத்துக்கு மாதம் வாழ்பவராகவே இருந்தார். சொந்தக்காரர் காரணம் எதுவும் கூறாமல் ஒரு மாத அறிவித்தல் கொடுத்து, அவரை எழுப்பிவிட இயலும் என்ற நிலையே நெடுங்காலம் நிலவிற்று.

இந்நிலையை மாற்றியவை இரு உலகப் போர்களாகும். முதலாம் உலகப் போரின்போது கிளாஸ்கோ நகரில் போர்த் தளபாடத் தொழிலாளர் பெருகினர், வீடுகள் பெருகவில்லை, வாடகைகள் ஏறின. 1915ஆம் ஆண்டில் அந்நகரத்துப் பெண்கள் முன்னின்று நடத்திய வாடகை மறுப்புப் போராட்டத்தின் விளைவாக, அவ்வாண்டிலேயே பிரித்தானியப் பாராளுமன்றம் வாடகையையும் வெளியேற்றத்தையும் கட்டுப்படுத்தும் சட்டத்தை இயற்றியது. இரண்டாம் உலகப் போரின்போது இலங்கையிலும் அதே நெருக்கடி எழுந்தது. 1942ஆம் ஆண்டில் வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டமும், சுதந்திரம் கிடைத்த 1948இல் 29ஆம் இலக்க வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும், 1972இல் 7ஆம் இலக்க வாடகைச் சட்டமும் தோன்றின.

இச்சட்டங்களின் உயிர்நாடி யாதெனில், சட்டம் குறித்த காரணங்களுள் ஒன்றை நிறுவினாலன்றி எவரையும் வெளியேற்ற இயலாது என்பதேயாகும். வாடகை நிலுவை, அனுமதியின்றி உள்வாடகைக்கு விடுதல், கட்டடத்தைப் பழுதாக்குதல், அயலவருக்குத் தொல்லை தருதல், சொந்தக்காரருக்கே அவ்வீடு நியாயமாகத் தேவைப்படுதல் என்பன அக்காரணங்களுள் முக்கியமானவை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு மாத நிலுவையைப் போதிய காரணமாகக் கொண்டது. 1972ஆம் ஆண்டுச் சட்டமோ வாடகை குறைந்த குடியிருப்பு வீடுகளைப் பொறுத்தவரை அதனை மூன்று மாதமாக நீட்டிற்று. நோயினாலோ வேலையிழப்பினாலோ நிலுவை ஏற்பட்டதென வாடகைக்கு இருப்பவர் நிறுவினால், தவணைமுறையில் அதனைத் தீர்க்க இடமளித்து, வெளியேற்றத்தை நிறுத்தி வைக்கும் அதிகாரமும் நீதிமன்றத்துக்கு வழங்கப்பட்டது. சொந்தக்காரர் வாடகையை வாங்க மறுத்தால், அதனை உள்ளூராட்சி மன்றத்தில் செலுத்திப் பற்றுச்சீட்டுப் பெறும் வழியையும் சட்டம் வகுத்தது.

இங்கே சொந்தக்காரரின் பக்கத்தையும் மறத்தல் தகாது. வீட்டுச் சொந்தக்காரர் என்றதும் பெருஞ்செல்வர் ஒருவரையே மனம் நினைக்கின்றது. உண்மையில், கணவர் விட்டுச் சென்ற ஒரே வீட்டின் வாடகையால் வாழும் விதவையும் சொந்தக்காரரே. ஓய்வு பெற்றபின் தம் வீட்டுக்குத் திரும்ப விரும்பும் எழுதுவினைஞரும் சொந்தக்காரரே. சட்டத்தின் நிழலில் பல ஆண்டுகள் அற்ப வாடகை கொடுத்து இருந்துகொண்டு, அவர்கள் திரும்பி வர இடங்கொடாத குடியிருப்பாளரும் இருந்தனர். ஆகையால்தான் 'நியாயமான தேவை' என்னும் காரணம் முன்வைக்கப்படும்போது, நீதிமன்றங்கள் இரு தரப்பின் இடர்ப்பாட்டையும் தராசில் இட்டு நிறுத்தன. சொந்தக்காரருக்கு வேறு வீடு உண்டா, அவருடைய குடும்பம் எத்தகையது, குடியிருப்பவர் வேறிடம் தேட முயன்றாரா, அவருடைய தொழில் அவ்விடத்தோடு எவ்வளவு பிணைந்துள்ளது என்பனவெல்லாம் ஆராயப்பட்டன. தேவை உண்டு என்று சொன்னால் மட்டும் போதாது. அத்தேவை நியாயமானதெனச் சான்றுகளால் நிறுவவும் வேண்டும்.

இனி, கட்டளை பிறந்த பின்னர் நிகழ்வதைக் காண்போம். சிலாபத்தில் கடை நடத்தும் ஒருவருக்கு எதிராக மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது எனக் கொள்வோம். அவர் முதலில் எண்ண வேண்டியது நாட்களை. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின்படி, மேன்முறையீட்டு அறிவித்தலைப் பதினான்கு நாட்களுக்குள் அதே நீதிமன்றத்தில் கொடுத்தல் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளும் பொது விடுமுறைகளும் இக்கணக்கில் சேரா. மேன்முறையீட்டு மனுவைத் தீர்ப்பு நாளிலிருந்து அறுபது நாட்களுக்குள் சமர்ப்பித்தல் வேண்டும். வலிய நியாயத்தைக் கையில் வைத்திருந்தும், நாள் தவறியமையால் தோற்றவர் பலர்.

2006ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தின் பின்னர், மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பின் மீதான மேன்முறையீடு, குடியியல் மேன்முறையீட்டு நியாயாதிக்கம் பெற்ற மாகாண மேல் நீதிமன்றத்துக்குச் செல்கின்றது. வடமேல் மாகாணத்தவருக்கு அது குருநாகலில் கூடுகின்றது. அங்கிருந்து சட்டப் பிரச்சினை ஒன்றின் மீது, அனுமதி பெற்று, உயர் நீதிமன்றத்தை அணுகலாம். மேன்முறையீட்டு நீதிபதி வழக்கைப் புதிதாக விசாரிப்பவரல்லர். சாட்சியின் முகத்தை நேரிற் கண்டு கேட்டவர் மாவட்ட நீதிபதியே ஆதலால், நிகழ்ச்சிகளைப் பற்றிய அவருடைய முடிவை மேல் நீதிமன்றம் எளிதில் மாற்றாது. ஆனால் அறிவித்தல் முறையாகக் கொடுக்கப்பட்டதா, நிலுவைக் கணக்கு சரியா, இரு தரப்பு இடர்ப்பாடும் உண்மையாகவே நிறுக்கப்பட்டதா, சட்டம் கேட்கும் காரணம் நிறுவப்பட்டதா என்பவற்றை அது ஆராயும். எவர் இரக்கத்துக்குரியவர் என்பதன்று அதன் முன்னுள்ள வினா. கட்டளை சட்டப்படி பிறந்ததா என்பதே வினா.

இதனோடு சேர்த்து அறிய வேண்டியது ஒன்றுண்டு. மேன்முறையீடு செய்த மாத்திரத்தில் வெளியேற்றம் தானாக நின்றுவிடாது. வென்றவர் தீர்ப்பை நிறைவேற்ற விண்ணப்பித்தால், பிஸ்கால் உத்தியோகத்தர் கதவைத் தட்டலாம். நிறைவேற்றத்தினால் தமக்குப் பெரும் இழப்பு நேரும் என நீதிமன்றத்துக்குக் காட்டி, வேண்டப்படும் பிணையையும் கொடுத்து, தடைக் கட்டளை பெறுவது தோற்றவரின் பொறுப்பாகும். அதனைப் பெறாதவர், வீடு கைமாறிய பின்னர் மேன்முறையீட்டில் வெல்லும் துன்பத்தை அடைய நேரும்.

கோவலன் கதையை அறிந்த தமிழருக்கு இதன் பொருள் விளக்காமலே விளங்கும். பாண்டியன் தீர விசாரியாமல் கொடுத்த கட்டளை உடனே நிறைவேறிற்று. பின்னர்க் கண்ணகி அவையில் சிலம்பை உடைத்துக் காட்டியபோது நடந்ததும் ஒரு மீளாய்வே. சான்று ஐயமற இருந்தது. அரசனும் தன் பிழையை ஏற்றான். ஆயினும் கோவலன் திரும்பி வரவில்லை. கட்டளை நிறைவேறுமுன் நிகழ்வதே பயன்தரும் மீளாய்வு.

வாடகைச் சட்டம் தந்த பாதுகாப்பு பிற்காலத்தில் சுருங்கிற்று. 1980ஆம் ஆண்டிலும் 2002ஆம் ஆண்டிலும் செய்யப்பட்ட திருத்தங்களால் பல வீடுகளும் கட்டடங்களும் அச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே சென்றன. கட்டுப்பாடு இறுக இறுக வாடகைக்கு வீடு கட்டுவோர் குறைவர் என்பது அத்திருத்தங்களுக்குக் கூறப்பட்ட நியாயம். 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டமோ, குத்தகைக் காலம் முடிந்த கட்டடத்தைச் சொந்தக்காரர் விரைந்து மீட்பதற்குச் சுருக்கமான நடைமுறை ஒன்றை ஏற்படுத்திற்று. இதன்படி நீதிமன்றம் முதலில் நிபந்தனைக் கட்டளை ஒன்றைப் பிறப்பிக்கும். குத்தகைக்கு இருப்பவர் தோன்றிக் காரணம் காட்டுவதற்கு முதலில் அனுமதி பெறுதல் வேண்டும். ஆண்டுக்கணக்கில் இழுபட்ட வழக்குகளால் நலிந்த சொந்தக்காரருக்கு இது ஆறுதலே. எனினும் அழைப்பாணையை அலட்சியமாக மேசையில் எறிந்துவிடும் குடியிருப்பாளர் முன்னையிலும் விரைவாகத் தம் இருப்பிடத்தை இழப்பார் என்பதும் உண்மை.

இதுவரை கூறியவை தனியார் ஒருவர் சொந்தக்காரராக இருக்கும் இடத்துக்கே பொருந்தும். கடற்கரை வாடியை நோக்கி நடந்தால் சட்டத்தின் முகம் மாறிவிடுகின்றது. அங்கே பெரும்பாலும் அரசே காணிச் சொந்தக்காரர். அரச காணியில் அனுமதியின்றி இருப்பவரை அகற்றுவதற்கு 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் உடைமை மீளப்பெறற் சட்டம் பயன்படுகின்றது. தகுதிவாய்ந்த அதிகாரி, இன்ன காணி அரச காணி எனத் தாம் கருதி, வெளியேறல் அறிவித்தல் கொடுப்பார். அவ்வறிவித்தலைக் குறித்து எவருக்கும் கேட்கப்படும் உரிமையோ முறையீடு செய்யும் உரிமையோ இல்லையென 1983ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகின்றது. குறித்த நாளில் வெளியேறாவிடின், அதிகாரி நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பம் செய்வார்.

நீதவான் முன்னிலையில் குடியிருப்பவர் கூறக்கூடியது ஒன்றே. அரசு எழுத்துமூலம் சட்டப்படி வழங்கிய செல்லுபடியான அனுமதிப்பத்திரம் அல்லது அதிகாரம் தம்மிடம் உண்டெனவும், அது இரத்துச் செய்யப்படவில்லையெனவும் அவர் நிறுவ வேண்டும். 'இது என் பாட்டன் காலத்து நிலம்' என்று கூற அங்கே இடமில்லை. அதிகாரியைச் சாட்சி சொல்ல அழைக்கவும் நீதவானுக்கு அதிகாரமில்லை. பத்திரம் இல்லையெனில் வெளியேற்றக் கட்டளை பிறக்கும். அக்கட்டளைக்கு மேன்முறையீடு இல்லையென்றும் சட்டம் வெளிப்படையாகக் கூறுகின்றது. காணி தமக்கே சொந்தமெனக் கருதுபவர், கட்டளை பிறந்து ஆறு மாதத்துக்குள் அரசுக்கு எதிராக உரித்து வழக்குத் தொடரலாம். வென்றால் இழப்பீடும் பெறலாம். அந்த வழக்கு முடியும்வரை குடும்பம் எங்கே வாழும் என்பதற்குச் சட்டத்தில் விடையில்லை.

இத்தகைய கடுமைக்கும் காரணம் உண்டு. அரச காணி பொதுமக்களின் சொத்து. அதனைத் தந்திரமாகக் கைப்பற்றி, வழக்கை இழுத்தடித்து அனுபவிப்போரை அகற்றுவதற்கு விரைவான வழி வேண்டும் என்பதே சட்டத்தின் நோக்கம். ஆனால் செல்வாக்குள்ள ஆக்கிரமிப்பாளருக்காகத் தீட்டிய வாள் எளிய மீனவரின் கழுத்திலும் அதே கூர்மையுடன் விழுகின்றது. 2000ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் கற்பிட்டியும் அதனையடுத்த தீவுகளும் உல்லாசப் பயணத் திட்டத்துக்குரிய இடங்களாயின. அதுவரை மணல்மேடு என எவரும் திரும்பிப் பாராத நிலம் விலைமதிப்புப் பெற்றது. நிலத்தின் மதிப்பு ஏறும்போது, பத்திரமில்லாதவரின் இருப்பு ஆட்டம் காணுதல் இயல்பே.

மேன்முறையீடு இல்லாத இடத்தில் மீளாய்வே இல்லையா எனின், அவ்வாறன்று. இரு வாயில்கள் எஞ்சியுள்ளன. ஒன்று, நீதவானின் கட்டளையில் வெளிப்படையான பெரும் பிழை இருந்தால், மாகாண மேல் நீதிமன்றத்தை மீளாய்வுக்கென அணுகுதல். இது உரிமையாகக் கேட்டுப் பெறுவதன்று. விசேட சூழ்நிலையைக் காட்டி வேண்டிப் பெறுவது. மற்றொன்று, அதிகாரியின் அறிவித்தலையே தாக்கி எழுத்தாணை கோருதல். அதிகாரி தம் அதிகார எல்லையை மீறினாரா, பொருந்தாத காரணத்தை நோக்கினாரா, காணி உண்மையில் அரச காணிதானா என்பவற்றை ஆராய்ந்து, பிழை கண்டால் அவ்வறிவித்தலை நீக்கும் உறுதிகேள் எழுத்தாணையை நீதிமன்றம் வழங்கலாம்.

இவ்வெழுத்தாணையை எங்கே கோருவது என்பது பெருஞ் சர்ச்சைக்கு உள்ளாயிற்று. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தின் கீழ், மாகாண சபைக்குரிய விடயங்களில் எழுத்தாணை வழங்கும் அதிகாரம் மாகாண மேல் நீதிமன்றங்களுக்குக் கிடைத்தது. காணியும் மாகாண சபை விடயமெனக் கருதி, வெளியேறல் அறிவித்தல்களுக்கு எதிராகப் பலர் அந்நீதிமன்றங்களை நாடினர். மலைநாட்டின் ஸ்ரபோர்ட் தோட்டம் பற்றிய வழக்கில் 2013ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் உயர் நீதிமன்றம் இதனைத் தீர்த்து வைத்தது. அரச காணியிலிருந்து வெளியேற்றுதல் மாகாண சபைக்குரிய விடயமன்று; ஆதலால் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு அதில் எழுத்தாணை வழங்கும் அதிகாரமில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். வழக்கு மலைநாட்டில் எழுந்தது. விளைவு கடற்கரையையும் எட்டியது. எழுத்தாணை வேண்டும் புத்தளத்து மீனவர், ஏறத்தாழ 130 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்புக்கு, மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடிச் செல்லவேண்டியவரானார்.

அநுராதபுரத்தை ஆண்ட எல்லாளன், முறையிட வருவோர் அசைப்பதற்கென நீண்ட கயிறு பூட்டிய மணியொன்றைத் தன் படுக்கையருகே தொங்கவிட்டிருந்தான் என மகாவம்சம் கூறும். முறையிட வருபவர் கைக்கு அக்கயிறு எட்டியது என்பதே அக்கதையின் கருத்து. நாட்கூலியை இழந்து, பேருந்துக்கும் சட்டத்தரணிக்கும் பணம் தேடி, முப்பது நாள் அறிவித்தலுக்குள் கொழும்பை அடைய வேண்டிய குடும்பத்துக்குக் கயிறு எட்டுகின்றதா என்பது சிந்தித்தற்குரியது. சட்டப் புத்தகத்தில் இருக்கும் மீளாய்வு உரிமை, காலத்தாலும் தூரத்தாலும் எட்டாவிடின் உரிமையாகாது.

இக்கரையோரத்துக்கு மற்றுமொரு அனுபவமும் உண்டு. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெருந்தொகையினர், படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். அவர்களை வெளியேற்றிய கட்டளையை ஆராய எந்த நீதிமன்றமும் இருக்கவில்லை. புத்தளத்து மக்கள் தம் தென்னந்தோட்டங்களில் இடங்கொடுத்தனர். அங்கே ஓலைக் கொட்டில்கள் எழுந்தன. இடங்கொடுத்தது தயவினால், எழுத்தில் ஒன்றும் இல்லை. சில மாதங்களுக்கெனக் கொடுத்த இடம் ஆண்டுக்கணக்கில் நீண்டபோது, சொந்தக்காரரின் தேவையும் குடியிருந்தவரின் தேவையும் மோதாதிருக்க இயலவில்லை. 2007ஆம் ஆண்டில் உலக வங்கியின் உதவியோடு தொடங்கிய புத்தளம் வீடமைப்புத் திட்டம், வீட்டோடு காணி உரித்தையும் சேர்த்தே நோக்கியது. கூரையைக் காப்பது ஓலையன்று, உறுதியே என்பதை அந்த மக்கள் நீண்ட அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

தென்னாபிரிக்காவின் 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பு ஒரு நெறியை வகுத்துள்ளது. தொடர்புடைய எல்லாச் சூழ்நிலைகளையும் ஆராய்ந்தபின் நீதிமன்றம் இடும் கட்டளையாலன்றி எவரும் தம் வீட்டிலிருந்து வெளியேற்றப்படலாகாது என்பது அந்நெறி. காணி அரசினுடையதா தனியாருடையதா என்னும் வேறுபாடு அங்கே இல்லை. அதே உரோமன் டச்சுச் சட்ட மரபில் வளர்ந்த நாடு அது என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. சொந்தக்காரரின் உரிமையை அந்நெறி மறுக்கவில்லை. கட்டளையிடுமுன் இரு தரப்பையும் கேள் என்றே கூறுகின்றது. சிலாபத்துக் கடைக்காரருக்கு வாடகைச் சட்டம் அளித்த அதே செவியை, கற்பிட்டி வாடிக்காரருக்கும் அளித்தால் அரச காணி கொள்ளை போய்விடாது.

சட்டம் திருந்தும்வரை, இருக்கும் சட்டத்துக்குள் தம்மைக் காத்துக்கொள்ளும் வழிகளைக் குடியிருப்போர் அறிந்திருத்தல் வேண்டும். கொடுத்த வாடகைக்கு மாதந்தோறும் பற்றுச்சீட்டு வாங்கிக் கோவைப்படுத்தி வைக்க வேண்டும். சொந்தக்காரர் சீட்டுத் தர மறுத்தால், வங்கி மூலமோ, வாடகைச் சட்டத்துக்கு உட்பட்ட வீடாயின் உள்ளூராட்சி மன்றம் மூலமோ செலுத்த வேண்டும். வாய்மொழி அனுமதியை எழுத்தில் பெற முயல வேண்டும். அரச காணியில் இருப்போர் பிரதேச செயலகத்தில் தம் நிலைமையை அறிந்து, அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பித்து, அவ்விண்ணப்பத்தின் பிரதியையும் பேணுதல் வேண்டும். அறிவித்தலோ அழைப்பாணையோ வந்தால், அன்றைய திகதியை அதன் மீது எழுதி, மறுநாளே சட்டத்தரணியை நாட வேண்டும். பணமில்லாதவருக்கு உதவுவதற்கென 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு உண்டு.

சொந்தக்காரருக்கும் ஒரு சொல். முறையான அறிவித்தலும் நேர்மையான கணக்கும் உள்ள வழக்கை மேல் நீதிமன்றம் எளிதில் கவிழ்ப்பதில்லை. கூரை ஓட்டைக் கழற்றியும், நீர்க்குழாயை அடைத்தும், ஆட்களை அனுப்பி அச்சுறுத்தியும் வீட்டை மீட்க முயல்பவர், தம் பக்கத்து நியாயத்தைத் தாமே கெடுத்துக்கொள்கின்றனர். வீடு திரும்ப வேண்டியவருக்கு அது திரும்ப வேண்டும். போக வேண்டியவர், தம் பேச்சும் கேட்கப்பட்டது என்ற நிறைவோடு போகவேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்வதற்காகவே நீதிமன்றங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைக்கப்பட்டுள்ளன.